சாய்தளத்தின் மேல் ஒரு கெபி

பஸ்ஸைவிட்டு இறங்கும்போது ரீனா சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த வாரம் இனி யாரும் சந்தோஷமாக இருக்கப் போவதில்லை.

மதுரையில் அவள் வேலை பார்க்கும் ஆர்க்கிடெக்ட் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை காலையிலேயே திண்டுக்கல் வந்திருந்தாள். வத்தலக்குண்டு ரோட்டில் எழும்பி நிற்கும் பங்குப் பள்ளிக்கூடம் அவள் தனியாக வரைந்த முதல் கட்டடம். ஞாயிற்றுக்கிழமை மறைமாவட்ட ஆயர் வந்து கட்டடத்தை மந்திரித்து ஆசீர்வதிக்கிறார். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வகுப்பு சுவர் கிடையாது. ஒன்று முதல் ஐந்து வரை ஒரே பெரிய கூடம். அதற்குள் இடுப்பளவுத் தடுப்புகள், பாடத்துக்கு ஒரு மூலை. யாருக்கு எது தெரியுமோ அதை வைத்துத்தான் உட்காரும் இடம், வயதை வைத்து இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை ஆறு வயதுப் பிள்ளையோடு எழுத்துக் கூட்டலாம், அடுத்த பீரியடில் பத்து வயதுப் பிள்ளையோடு கணக்குப் போடலாம். கரும்பலகைகூட, சக்கர நாற்காலியில் இருந்தபடி எழுதுகிற உயரத்தில்தான். "இது பள்ளிக்கூடமா, சந்தையா?" என்று பெற்றோர் கூட்டத்தில் எகிறியவர்களை ரீனா எப்படிச் சமாளித்தாள் என்பதைப் போன வார அத்தியாயத்தில் படித்திருப்பீர்கள்.

அத்தனையும் அண்ணன் மகள் ஜோஸ்பினை நினைத்து வரைந்தது. ஜோஸ்பினுக்கு ஒன்பது வயது. சின்ன வயதில் வந்த போலியோ இரண்டு கால்களையும் முடக்கிவிட்டது. முன்பு சேர்த்த பள்ளியில் இரண்டாம் வகுப்பு மாடியில் இருந்தது. அவள் அம்மா ரோசலின் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினாள். ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டு விழுந்தாள். பிள்ளையின் படிப்பு அதோடு நின்றது. மறுபடி முதலில் இருந்து பொடிசுகளோடு உட்கார வைக்க வேறு பள்ளிகள் தயார், ஜோஸ்பின்தான் தயார் இல்லை.

"எல்லா வயசும் கலந்து உக்காருவாங்கன்னா நான் போறேன் அத்தை," என்று அவள் சொன்ன அன்று ரீனா பென்சிலை எடுத்தாள்.

பள்ளிக்கூடத்து கேட்டைத் திறந்து உள்ளே போனவள் அப்படியே நின்றாள்.

கட்டுவது வேறு யாருமில்லை, அவள் அப்பா மிக்கேல்ராஜ். ஊரறிந்த காண்ட்ராக்டர். தரைமட்டம் ஒரு அடி போதும் என்று மகள் வரைந்ததை இரண்டரை அடியாக உயர்த்தியவர் அவர். "ஸ்கூலுன்னா நிமிந்து நிக்கணும்த்தா," என்றார். ரீனா விட்டுக்கொடுத்தாள். பதிலுக்கு முன்பக்கம் நெடுக ஒரு சாய்தளம் வரைந்து தந்தாள். எல்லாப் பிள்ளைகளும் அதில்தான் ஏற வேண்டும், ஜோஸ்பின் மட்டும் தனி வழியில் போகக் கூடாது என்பது அவள் எண்ணம்.

இப்போது அங்கே சாய்தளம் இல்லை. நடுவில் பளபளவென்று கிரானைட் படிகள். சாய்தளம் தொடங்க வேண்டிய இடத்தில் ஒரு கெபி. சிமெண்டில் பாறை மாதிரி கொத்தி, உள்ளே நீலம் அடித்து, லூர்து மாதா சுரூபத்தை வைத்து, தூசி படாமல் பாலித்தீன் உறை போட்டிருந்தார்கள்.

"மலைச்சாமிண்ணே, இது என்ன?"

மேஸ்திரி மலைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைப்பதற்கு வேர்வையே இல்லை.

"கெபி பாப்பா."

"அது தெரியுது. ரேம்ப் எங்க?"

"மொதலாளி வரட்டும், கேட்டுக்கங்க."

"உங்களத்தான் கேக்குறேன். பிளான உங்க கையிலதான குடுத்துட்டுப் போனேன்?"

"குடுத்தீங்க. சறுக்குக்குக் கம்பிகூட கட்டிட்டோம். 'பிரிலே, மாதா காரியம்'னாரு. பாப்பா வந்தா சத்தம் போடும்னு சொல்லிப் பாத்தேன். நான் வேற சாமி கும்புடுறவன், அதுக்கு மேல குறுக்க பேசுனா நல்லாவா இருக்கும்?"

வாசலில் புல்லட் சத்தம் கேட்டது. மிக்கேல்ராஜ் இறங்கி, வெள்ளைச் சட்டையைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி வந்தார்.

"எப்பத்தா வந்த? சாப்டியா?"

"ரேம்ப் எங்கப்பா?"

"கெபியப் பாத்தியா? ஆள் வெச்சு செஞ்சது. ராத்திரியில லைட்டப் போட்டா—"

"ரேம்ப் எங்கன்னு கேட்டேன்."

சிரிப்பு போய்விட்டது. "பின்னாடி போட்டுக்குவோம். என்ன இப்ப?"

"பின்னாடி எங்க? கக்கூஸுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுலயா? அங்க பத்தடிகூட இல்ல. இந்த ஒசரத்துக்கு ஏற முப்பதடி வேணும். பத்தடியில போட்டா அது சறுக்குமரம்ப்பா. வீல்சேரு வந்த வேகத்துல செவுத்துல மோதும்."

"யாராவது ஒருத்தர் பிடிச்சுக்கிட்டா..."

"யாரும் பிடிக்க வேணாம்னுதான் வரைஞ்சேன்!"

சித்தாள்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மிக்கேல்ராஜ் குரலைத் தாழ்த்தினார்.

"சத்தம் போடாத. இது நேர்ச்சை. தவசு காலத்துல வேளாங்கண்ணிக்குப் போயிருந்தப்ப நேந்துக்கிட்டது. என் பேத்தி தன் காலால இந்தப் பள்ளிக்கூடத்துப் படியேறணும். ஏறுனா வாசல்ல மாதாவுக்குக் கெபி. நடந்த பொறகு கட்டுறவன் வியாபாரி. முன்னாடியே கட்டுறவன்தான் விசுவாசி."

"கட்டுங்க. வேணாம்னு சொல்லல. வேப்பமரத்தடியில கட்டுங்க, கேட்டுப் பக்கத்துல கட்டுங்க. இம்புட்டு எடம் கெடக்கு. ரேம்ப் மேலதான் கட்டணுமா?"

அவர் கெபியைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஒரு பக்கம் நடக்க வையி தாயேன்னு மன்றாடிட்டு, இன்னொரு பக்கம் இவ நடக்கவே மாட்டாள்னு சிமெண்ட்டுல எழுதி வெக்கச் சொல்றியா? அந்தச் சறுக்கு வாசல்ல கெடக்குற வரைக்கும் என் வேண்டுதல் பலிக்காதுத்தா."

ரீனாவுக்கு இப்போது விளங்கியது. இது மறதியில்லை, இடப் பற்றாக்குறை இல்லை. தெரிந்தே, யோசித்தே மறித்திருக்கிறார்.

"அவ எப்புடி உள்ள வருவாப்பா? திங்கக்கெழம காலையில அந்தப் பிள்ள எப்புடி உள்ள வரும்?"

"நடந்து வரும்."

"நடக்க முடியாதுன்னு எத்தன டாக்டர் சொன்னாங்க?"

"டாக்டரு சொன்னா ஆச்சா?"

"இன்னும் மந்திரிக்கல. நாளைக்குள்ள எடுத்துரலாம்."

"வெச்ச சுரூபத்த எடுக்குறதா? பெத்த அப்பன்ட்ட பேசுற பேச்சா இது? படிச்சது போதும், வீட்டுக்குப் போ!"

கையிலிருந்த பிளான் சுருளைக் கெபியின் காலடியில் விட்டெறிந்துவிட்டு ரீனா வெளியே நடந்தாள். ஆட்டோவில் ஏறி, வீட்டுக்கு விடச் சொன்னாள்.

நாகல் நகர் வீட்டில் ரோசலின் தரையில் உட்கார்ந்து, மகள் போட்டிருந்த புது யூனிபாரத்துக்கு விளிம்பு மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். ஜோஸ்பின் கட்டிலில் கால் நீட்டி, ராணி மாதிரி சாய்ந்திருந்தாள்.

"அத்தை, யூனிபாரம் எப்புடி இருக்கு? கணக்கு மூலையில ஜன்னல் இருக்குன்னு சொன்னீங்கள்ல, நான் அங்கதான் உக்காருவேன்."

ரீனா பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் பார்வையைக் கீழே இறக்கியபோதுதான் முட்டிகள் கண்ணில் பட்டன. இரண்டிலும் காயம். காய்ந்து கறுத்தது, அதன் மேலேயே புதிதாகத் தோலுரிந்து சிவந்தது.

"என்ன மதினி இது?"

"கால்ல மாட்டுற காலிப்பர் உரசுது ரீனா. தோல்வார மாத்தச் சொல்லணும்."

"வாரு பக்கவாட்டுலதான வருது. முட்டிக்கு நேர எப்புடி உரசும்?"

ரோசலின் ஊசியோடு நிமிர்ந்தாள். இரண்டு பெண்களும் பிள்ளையைப் பார்த்தார்கள். பிள்ளை யூனிபாரத்தை இழுத்து முட்டியை மூடிக்கொண்டது.

"ஜோஸ்பின், எங்க விழுந்த?"

"தாத்தா சொல்லக் கூடாதுன்னாங்க."

"அம்மாட்ட சொல்லு."

"மாதாவுக்கு நேந்ததச் சொன்னா பலிக்காதாம்மா."

"சொல்லு!"

அழுகையும் சொல்லுமாக வந்தது. சாயங்காலத்தில் ரோசலின் கணவனின் பெயிண்ட் கடையில் கல்லாவைப் பார்க்கப் போய்விடுவாள். அந்த நேரத்தில் தாத்தா ஆட்டோவில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவார். வேலையாட்கள் எல்லாம் போயிருப்பார்கள். படியில் நிறுத்துவார். ஒரு படிக்கு ஒரு அருள் நிறை மந்திரம்.

"ரெண்டாவது படியில விழுந்துருவேன். தாத்தா தூக்கி மறுபடி கீழ விடுவாங்க. அழுதுக்கிட்டே செபம் சொல்லுவாங்க."

"யாரு அழுவா? நீயா?"

"தாத்தாவும்."

"வலிக்குதுன்னு சொல்லலியா நீ?"

"வலிய ஒப்புக் குடுத்தாத்தான் மாதா பாப்பாங்கன்னாங்க."

ரோசலினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து மாமனார் முன்னால் அவள் குரலை உயர்த்தியதில்லை. அவர் சாப்பிட்டு எழுந்தபிறகுதான் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனச் சட்டியைத் தன் பக்கம் இழுப்பாள். அப்படிப்பட்டவள் எழுந்த வேகத்தில் ஊசி டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் சிதறியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ரீனா கெபியைப் பற்றியும் சொன்னாள். இனி மறைத்து என்ன? சாய்தளம் போன இடத்தையும், போன காரணத்தையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"ஆட்டோவக் கூப்புடு," என்றாள் ரோசலின். "உங்க அண்ணனுக்கும் போனப் போடு."

"மதினி, செத்த நேரம் பொறுங்க. கொஞ்சம் யோசிச்சு—"

"இம்புட்டு வருஷம் யோசிச்சது போதும்."

அவர்கள் போனபோது பந்தல்காரர்கள் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். பங்குத்தந்தை ராயப்பராஜ் ஆயருக்கு மேடை எங்கே போடுவது என்று மிக்கேல்ராஜோடு பேசிக்கொண்டிருந்தார். ரோசலின் சக்கர நாற்காலியை நேரே படிக்கட்டின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். ஜோஸ்பின் யூனிபாரத்திலேயே இருந்தாள். விளிம்பில் குத்திய ஊசிகள் வெயிலில் மினுங்கின.

"தோத்திரம் சாமி. செத்த இருங்க, எங்கயும் போயிராதீங்க." பிறகு மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, ஏத்துங்க."

"என்னத்தா?"

"தெனம் சாயந்தரம் யாருக்கும் தெரியாம ஏத்துனீங்கள்ல? இப்ப ஏத்துங்க. சாமியும் பாக்கட்டும்."

மிக்கேல்ராஜின் முகம் கறுத்தது. ரோசலின் குனிந்து பிள்ளையின் முட்டியைக் காட்டினாள். பந்தல்காரர்களில் ஒருவர் "அட ஆண்டவா" என்றார். மலைச்சாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவ நல்லதுக்குத்தான்..." என்று தொடங்கினார் மிக்கேல்ராஜ். "அவ மேல உசுரையே வெச்சிருக்கேன் ரோசலினு. அது உனக்கே தெரியும்."

"தெரியும். அதனாலதான் உங்கள நம்பி விட்டுட்டுக் கடைக்குப் போனேன். வலிக்குதுன்னு சொல்லவிடாம பிள்ள வாயையும் கட்டி, முட்டியையும் கிழிச்சிருக்கீங்க. இதுதான் உசுரா?"

"பேச்ச அடக்கிப் பேசு."

"மாட்டேன் மாமா. இன்னைக்கு மாட்டேன்."

ஃபாதர் ராயப்பராஜ் இருவருக்கும் நடுவில் கையைத் தூக்கினார். ரீனா அவரை விடவில்லை.

"சாமி, பிளான நீங்களும் பாத்தீங்க. ரேம்ப் இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சும்மா. ஆனா கெபி தன் சொந்தச் செலவுன்னு மிக்கேல் சொன்னாரு. மாதா வாசல்ல இருந்தா நல்லதுதானன்னு நெனச்சேன். அந்தச் சாய்வ வேற எங்கயாவது..." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது உங்க குடும்ப விஷயம். நீங்களே பேசித் தீத்துக்கங்க."

"குடும்ப விஷயமா? அடுத்த வருஷம் சித்தையன்கோட்டையில இருந்தோ சேவுகம்பட்டியில இருந்தோ ஒருத்தர் இப்படி ஒரு பிள்ளையத் தூக்கிட்டு இந்த வாசல்ல வந்து நிப்பாங்க. அவங்ககிட்டயும் குடும்ப விஷயம்னு சொல்லுவீங்களா?"

ஃபாதர் மேடையைப் பார்த்தார். மேடை இன்னும் போடவே இல்லை.

ரீனாவின் அண்ணன் இனிகோ அப்போதுதான் வந்தான். கையில் பெயிண்ட் கறையோடு, கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தவன். அப்பா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை என்று ஊரே அவனைச் சொல்லும். மிக்கேல்ராஜுக்கு அவனைப் பார்த்ததும் தெம்பு வந்தது.

"ஏலே இனிகோ, உன் பொண்டாட்டியக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ. சாமி முன்னாடி மானத்த வாங்குறா."

இனிகோ மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஒரு முட்டியைப் பார்த்தான், இன்னொன்றையும் பார்த்தான். பெயிண்ட் கை படாமல் புறங்கையால் அவள் கன்னத்தைத் துடைத்தான்.

"எத்தன நாளாப்பா?" என்று கேட்டான். தலையைத் திருப்பவில்லை.

மிக்கேல்ராஜ் கெபியின் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

இனிகோ எழுந்தான். கெபியின் முன்னால் போய்ச் செருப்பைக் கழற்றினான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். பாலித்தீன் உறையோடு சுரூபத்தின் இடுப்பைப் பிடித்தான்.

"அதத் தொட்ட, நீ எனக்கு மகன் இல்லலே!"

ஒரு கணம் அவன் கை நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். பிறகு மாதாவைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, படியேறிக் கூடத்துக்குள் போனான். உள்ளே, பிள்ளைகள் உட்காரப்போகும் இடத்தில், சுவரோரமாக இறக்கி வைத்துவிட்டு வந்தான்.

மிக்கேல்ராஜ் மகனிடம் போகவில்லை, மகளிடம் போகவில்லை. நேரே பேத்தியிடம் வந்து நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீ சொல்லு தாயி. நீ நடப்பேல்ல? இவுகளுக்கெல்லாம் நம்பிக்கை இல்ல. தாத்தாவுக்காக நீ நடப்பேல்ல?"

ஜோஸ்பின் அவரையே பார்த்தாள். அழுகையெல்லாம் நின்றிருந்தது. அவளுக்கும் கோபம் வரும் என்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

"நடக்காட்டி என்னைய உங்களுக்குப் பிடிக்காதா தாத்தா?"

'பிடிக்கும்த்தா.' அந்த ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவருக்கு அவள்மேல் உயிர்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, மகனிடம் தோற்ற ஆத்திரத்தில், அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை. பிள்ளை காத்திருந்தது. அவர் கைப்பிடிகளை விட்டார்.

"ஏலே மலைச்சாமி! எல்லாரையும் வண்டியில ஏத்து. மிக்சர் மெஷினக் கட்டு. என் ஆளு ஒருத்தன் இனிமே இந்தக் கட்டடத்துல கை வெக்கக் கூடாது. ரேம்ப் வேணுமாம்ல? போட்டுக்கட்டும்!"

யாரையும் பார்க்காமல் புல்லட்டை உதைத்துக் கிளப்பினார். அது இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை கிளம்பி ரோட்டில் திரும்பியது.

ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு டெம்போவில் ஏறினார்கள். மலைச்சாமி கடைசியாக ஏறினார். ஒரு சம்மட்டி மட்டும் மணல் மேல் கிடந்தது. மறந்தாரா, மறந்த மாதிரி விட்டாரா தெரியவில்லை.

"ஆயருக்கு நான் என்னம்மா சொல்றது?" என்றார் ஃபாதர் ராயப்பராஜ். நிஜமாகவே பயந்திருந்தார்.

"உள்ளதச் சொல்லுங்க சாமி," என்றாள் ரோசலின்.

இனிகோ செருப்பைப் போட்டுக்கொண்டான். "நான் போய்க் கொத்தனார் தேடிட்டு வாரேன்," என்றான். போகும்போதே அவனுக்குத் தெரியும். மிக்கேல்ராஜ் விட்டுப்போன வேலையில் கை வைக்கத் திண்டுக்கல்லில் எந்தக் கொத்தனாருக்குத் துணிச்சல் வரும்? வந்தாலும், காங்கிரீட் போட்டு அது இறுக வேண்டாமா? நடுவில் சனிக்கிழமை ஒன்றுதான் இருக்கிறது.

ரீனா சம்மட்டியைத் தூக்கினாள். காலி கெபியின் முன்னால் நின்று, இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்து ஓங்கி ஒரு போடு போட்டாள். 'ணங்'கென்று கை அதிர்ந்தது. சுவரில் விரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்தது. மறுபடி அடித்தாள். இன்னொரு சில்லு. அவள் உள்ளங்கை அதற்குள் சிவந்துவிட்டது. அப்பா எதைக் கட்டினாலும் இப்படித்தான் கட்டுவார்.

பந்தல்காரர்கள் கம்பைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை.

ரோசலின் நாற்காலியை நிழலில் தள்ளி நிறுத்தினாள். மகளின் தலையை ஒருமுறை தடவினாள். சேலையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து கையை நீட்டினாள்.

"தள்ளு ரீனா. எங்கிட்ட குடு."